இதயத்தில் கோளாறு இல்லை... ஆனாலும் இது நோய்தான்!

இரவு ஒரு மணி. மருத்துவமனை வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. முப்பது வயதைத் தாண்டாத ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்குகிறார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. "நெஞ்சை அடைக்குது... மூச்சு விட முடியல... விரலெல்லாம் மரத்துப்போச்சு... எப்படியாவது காப்பாத்துங்க டாக்டர்..." பின்னாலேயே, தூக்கம் கலைந்து அழும் குழந்தையை இடுப்பில் வைத்தபடி மனைவி ஓடி வருகிறார். ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். நார்மல். ஆக்சிஜன் அளவு 99. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் நார்மல். அதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. படபடப்பும் தானாகவே அடங்கியிருக்கிறது. "ஒண்ணும் இல்லைங்க. கேஸ் ட்ரபிளா இருக்கும். வீட்டுக்குப் போய் நல்லா தூங்குங்க."

பத்து நாளில் மறுபடியும் அதே படபடப்பு. இந்த முறை வேறு மருத்துவமனை, எக்கோ. அடுத்த மாதம் டிரெட்மில் டெஸ்ட். வயிற்றில் புண் இருக்குமோ என்று எண்டோஸ்கோபி. தலை சுற்றுகிறது என்றதும் மூளைக்கு ஸ்கேன். ஃபைல் தடிக்கிறது, நகை அடகுக் கடைக்குப் போகிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொந்தத்தில் பேச்சு கிளம்புகிறது. ரிப்போர்ட் அத்தனையிலும் நார்மல் என்றே வருகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிற எந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் பழகிப்போன காட்சி இது. இதயத்தில் கோளாறு இல்லை என்று அந்த இரவில் சொன்னது சரி. பேச்சு அதோடு முடிந்துபோனதுதான் தவறு. அவருக்கு வந்தது 'பேனிக் அட்டாக்' எனப்படும் பீதித் தாக்குதல். அது திரும்பத் திரும்ப வந்தால், பதற்ற நோய்களில் ஒன்றான பீதி நோய். அதற்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, நன்றாகப் பலனளிக்கும் சிகிச்சையும் உண்டு. அந்த முதல் இரவிலேயே 'மனநல மருத்துவரைப் பாருங்கள்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனையோ குடும்பங்களின் பல வருட அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் உலகம் முழுக்கப் பதற்ற நோய்களோடு வாழ்ந்தவர்கள் 35.9 கோடிப் பேர். மனநலக் கோளாறுகளிலேயே மிகப் பரவலானது இதுதான். இவர்களில் சிகிச்சை கிடைப்பது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு. இந்தியாவில் 2017-ல் சுமார் 4.5 கோடிப் பேருக்கு இது இருந்ததாக 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பாதிக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வோ, மனநல பாதிப்பு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை, நோய்க்கு ஏற்ப, சிகிச்சை வளையத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்றது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பாம்பைப் பார்த்ததும் துள்ளி விலகுகிறோமே, அந்த வேலையைச் செய்யும் ஏற்பாடு எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. கால்களுக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வேகமாகிறது, உடம்பு வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது. நம்மை உயிரோடு வைத்திருக்க உருவான ஏற்பாடு இது. பதற்ற நோயில், எதிரே பாம்பு இல்லாதபோதும் இத்தனையும் நடக்கிறது.

அப்போது வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு குறைகிறது. அதனால்தான் தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது. இது தெரியாதவருக்கு மரத்துப்போன கை, மாரடைப்பின் அடையாளமாகத் தெரிகிறது. அந்தப் பயம் இன்னும் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. பயம் உடம்பைக் கிளப்ப, உடம்பு பயத்தைக் கிளப்ப, சுமார் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொடுகிறது. பிறகு, எதுவும் செய்யாவிட்டாலும் மெல்ல இறங்கிவிடும். ஊசி போட்டதால்தான் சரியானது என்று நோயாளி நம்புவதற்கும் இதுவே காரணம்.

மருத்துவ உலகத்துக்கும் இது புரியக் காலம் பிடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுப் படபடப்போடு வந்த சிப்பாய்களைப் பரிசோதித்த ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா, 1871-ல் அதை இதயத்தின் கோளாறு என்றே எழுதினார். பீதி நோய்க்குத் தனி இடம் கிடைத்தது 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில்.

■ பெட்டிச் செய்தி: பயம் எப்போது நோயாகிறது?

தேர்வுக்கு முன்னால், ஆபரேஷனுக்கு முன்னால், மகளின் பிரசவ நேரத்தில் வரும் பதற்றம் நோய் அல்ல. காரணம் நீங்கியும் பதற்றம் நீங்காமல், தூக்கத்தையும் வேலையையும் உறவையும் கெடுத்தால்தான் அது நோய்.

*பீதி நோய்:* திடீர்த் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வருவதும், அடுத்தது எப்போது வருமோ என்று ஒரு மாதத்துக்குக் குறையாமல் பயந்துகொண்டே இருப்பதும். *பொதுப் பதற்ற நோய்:* பணம், பிள்ளைகள், உடம்பு என்று ஆறு மாதத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாத கவலை, கூடவே உடல் அலுப்பு, தசை இறுக்கம், எரிச்சல், தூக்கமின்மை. *சமூகப் பதற்ற நோய்:* நாலு பேர் முன்னால் பேச, சாப்பிட, கையெழுத்துப் போடக்கூட நடுக்கம். *குறிப்பிட்ட அச்சங்கள்:* ஊசி, உயரம், நாய், லிஃப்ட். *வெளியிட அச்சம்:* உடனே தப்பிக்க முடியாத இடங்களான பஸ், கூட்டம், வரிசை ஆகியவற்றைக் கண்டு பயம். *பிரிவுப் பதற்றம்:* குழந்தைகளிடம் அதிகம். ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வருவதும் சகஜம்.

சுருங்கிப்போகும் வாழ்க்கை

தாக்குதல் நீடிப்பது சில நிமிடங்கள். வாழ்க்கையைக் கெடுப்பது, அது மறுபடி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒருவர் செய்யும் ஏற்பாடுகள்.

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். நெரிசலான டவுன் பஸ்ஸில் ஒருநாள் அவருக்குப் படபடப்பு வருகிறது. நடுவழியில் இறங்கிக்கொள்கிறார். இறங்கியதும் உடம்பு லேசாகிறது. 'பஸ் ஆபத்து, இறங்கியதால் தப்பித்தோம்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. மறுநாள் ஷேர் ஆட்டோ. அடுத்த மாதம் கணவர் பைக்கில் கொண்டுபோய் விட்டால்தான் வேலைக்குப் போக முடிகிறது. கல்யாண மண்டபத்தில் வாசலை ஒட்டிய நாற்காலி, கோயிலில் தூரத்தில் நின்றே கும்பிடு. கைப்பையில் தண்ணீர் பாட்டில், எலுமிச்சம்பழம், ஒரு அட்டை மாத்திரை எப்போதும் இருக்கின்றன. ஒரு கட்டத்தில் வேலையை விடுகிறார். கடைசியில் வீட்டில் தனியாக இருக்கவும் முடியாமல், ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு ஏற்பாடும் அன்றைக்கு நிம்மதி தந்தது. ஒவ்வொன்றும் நோயை ஒரு படி வளர்த்தது.

உதவுகிற குடும்பமும் தன்னையறியாமல் இந்த வலைக்குள் வந்துவிடுகிறது. பிரியத்தால்தான் கணவர் அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வருகிறார். 'நீ போக வேண்டாம்மா, நான் போறேன்' என்று அம்மா பையை வாங்கிக்கொள்வதும் அதனால்தான். அந்தப் பிரியத்தை வேறு திசைக்குத் திருப்ப யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும், திட்டுவதால் பயனில்லை.

ஆண்களிடம் இது வேறு வேஷத்தில் வருகிறது. எல்லோர் முன்னாலும் பேசப் பயந்து பதவி உயர்வை வேண்டாம் என்பவர், இன்டர்வியூ வாசல்வரை போய்த் திரும்பி வரும் பட்டதாரி, கல்யாண வீட்டுக்குள் நுழையும் முன் டாஸ்மாக்கில் 'கட்டிங்' போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்பவர். மது அந்த மாலைக்குப் பதற்றத்தை அடக்குகிறது. போதை இறங்கும் அதிகாலையில் முன்பைவிட அதிகமாகக் கிளப்பிவிடுகிறது. குடிநோய் என்று சிகிச்சைக்கு வரும் பலரிடம், தோண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது பல வருடப் பதற்றம். ஊர் இவர்களைக் 'கூச்ச சுபாவம்', 'குடிகாரன்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. வருடங்கள் இப்படியே போனால் மனச்சோர்வும் சேர்ந்துகொள்கிறது.

திங்கட்கிழமை வயிற்றுவலி

ஞாயிறு இரவு சாப்பாடு இறங்காது. திங்கள் காலை சீருடை போட்டதும் வயிற்றுவலி, வாந்தி. 'சரி, இன்னைக்கு ஸ்கூல் வேண்டாம்' என்று சொன்ன அரை மணியில் பிள்ளை விளையாடப் போய்விடும். நடிக்கிறான் என்று அடி விழும். அந்த வலி நிஜம். பதற்ற நோய்கள் பெரும்பாலும் சிறு வயதிலும் விடலைப் பருவத்திலும் தொடங்குகின்றன. பொதுத் தேர்வு, நீட், ரேங்க் என்று வீடு முழுக்க ஒரே பேச்சாக இருக்கிற ஊரில், எது சாதாரணத் தேர்வு பயம், எது நோய் என்று பிரித்துப் பார்க்கப் பெற்றோருக்கே தெரிவதில்லை.

குழந்தைகளுக்கான சிகிச்சையில் உறுதியான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேரிடம் நடந்த ஆய்வு, 2008-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். செர்ட்ராலின் மாத்திரை மட்டும் என்றால் 55 சதவீதம். இரண்டும் சேர்ந்தபோது 81 சதவீதம். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதம்தான்.

இன்னொரு ஆய்வு நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் குழந்தையை விட்டுவிட்டு, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளையின் பயத்தைக் கிண்டல் செய்யாமல் ஏற்றுக்கொள்வது, அதே சமயம் அந்தப் பயத்துக்காக வீட்டின் நடைமுறையை வளைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. 'உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. உன்னால சமாளிக்க முடியும்னும் எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவது. குழந்தைக்கே நேரடியாகக் கொடுத்த பேச்சு சிகிச்சைக்கு இது எந்த விதத்திலும் குறையவில்லை.

சீட்டு இல்லாமல் கிடைக்கும் நிம்மதி

'நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஒரு மாத்திரை குடுங்க' என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அல்பிரஸோலம், குளோனஸெபாம், டயஸிபாம் போன்றவை ஒரே குடும்பம். போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் படபடப்பு அடங்கிவிடும். ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. தினமும் தொடர்ந்தால் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடுகிறது, ஒன்று இரண்டாகிறது. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போய், கை நடுங்கி, சிலருக்கு வலிப்பே வரும். வயதானவர்கள் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. அல்பிரஸோலம் 'எச்1' பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு கட்டாயம். கொடுத்த விவரத்தைக் கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில், பழைய அட்டையைக் காட்டினாலே புதிய அட்டையைக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதில் இன்னும் கடுமையாக இருந்தாக வேண்டும்.

இந்த மாத்திரைகளை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. கடுமையான நாட்களில் இரண்டு முதல் நான்கு வாரம் வரை மருத்துவர் கண்காணிப்பில் உதவும். பல மாதங்களாகச் சாப்பிட்டு வருபவர்கள், இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் போனால், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

சிகிச்சை அறையில்...

முதலில் ஒருமுறை உடம்பைச் சோதிப்பார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். அளவுக்கு மீறிய காபி, எனர்ஜி டிரிங்க், ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவையும் காரணமாகலாம். எல்லாம் சரி என்றால் அதே டெஸ்ட்டை மறுபடி மறுபடி எடுக்கத் தேவையில்லை. 'எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடுவோம்' என்பதும் நோயின் ஒரு பகுதிதான்.

மருந்து என்றால் இன்று முதலில் கொடுக்கப்படுவது எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைச் சீராக்குபவை. இவை தூக்க மாத்திரைகள் அல்ல, போதைக்கு அடிமையாக்குவதும் இல்லை. குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பே சற்றுக் கூடலாம். 'மாத்திரை ஒத்துக்கலை' என்று பலர் விட்டுவிடும் இடம் இதுதான். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைக்க வேண்டும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. கூச்சப்படாமல் சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். இளம் வயதினருக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

பேச்சு சிகிச்சை என்றதும் ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது உழைப்பைக் கேட்கும் பயிற்சி. பீதி நோய்க்கு நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்கிறார் உளவியலாளர். நெஞ்சு அடிக்கிறது. உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சு விடச் சொல்கிறார். திணறுகிறது. சுழல் நாற்காலியில் சுற்ற வைக்கிறார். தலை கிறுகிறுக்கிறது. 'ராத்திரி வர்றது இதே மாதிரிதானே?' என்று கேட்கிறார். அதேதான். அதே படபடப்பு, அதே திணறல், ஆனால் சாகவில்லை. சில நிமிடத்தில் தானாக அடங்கியும் விட்டது. இதைப் பலமுறை செய்தபின் படபடப்பு என்பது வெறும் படபடப்பாக மட்டுமே மிஞ்சுகிறது.

பஸ்ஸுக்குப் பயப்படுபவருக்கு வேறு பட்டியல். முதலில் பஸ் ஸ்டாண்டில் நிற்பது. பிறகு உளவியலாளரோடு ஒரே ஒரு ஸ்டாப். பிறகு தனியாக. பிறகு நெரிசல் நேரத்தில். கடைசியில் கைப்பையில் அந்த மாத்திரை அட்டை இல்லாமல். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளை படிக்கட்டு ஓரத்தில் தொடங்கி நடுவுக்குப் போவதுபோல்தான் இதுவும். யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை. பதற்றம் உச்சம் தொட்டு இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு வராமல் இருப்பதுதான் பாடம். பெரும்பாலானவர்களுக்கு வாரம் ஒன்றாக 12 முதல் 15 அமர்வுகளில் நல்ல மாற்றம் தெரியும்.

யோகா, தியானம் போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். 276 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் 2022-ல் வந்தது. எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி, எஸ்சிடாலோபிராமுக்குக் குறையாத பலன் தந்தது. அது வாரம் இரண்டரை மணி நேர வகுப்பும், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பழக்கமும் சேர்ந்தது. அந்த அளவுக்குச் செய்பவர்களுக்கு அது ஒரு வழி. நடை, ஓட்டம், போதிய தூக்கம் எல்லாமே துணை நிற்கும்.

■ பெட்டிச் செய்தி: நீங்களே முடிவு செய்யாதீர்கள்

நெஞ்சுவலி வந்ததும் 'இது வெறும் பதற்றம்தான்' என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. முதல் முறை வருகிற நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடும் வலி, மயக்கம் ஆகியவை இருந்தால் உடனே 108. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு, வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவும் களைப்பாகவும் வரலாம்.

டாக்டர் இருக்கிறார், பேச நேரம் இருக்கிறதா?

1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரையே வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். சினிமா நகைச்சுவையும் அதற்குத் துணைபோனது. விளைவு, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு ஒளித்துவைக்கும் மருமகள்கள். 'மனநல டாக்டர்கிட்ட போனது தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் அமையாது' என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெற்றோர்கள்.

அந்தத் தயக்கத்தைத் தாண்டி வருபவருக்குக் கிடைப்பது என்ன? தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம். குறை எங்கே என்றால், புறநோயாளிகள் வரிசையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் மாத்திரை எழுதலாம். சுழல் நாற்காலிப் பயிற்சியோ பஸ் ஸ்டாண்டுப் பயிற்சியோ நடக்காது. அதைச் செய்ய வேண்டிய பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் அரசு மருத்துவமனைகளில் மிகக் குறைவு. தனியாரிடம் ஒவ்வோர் அமர்வுக்கும் பணம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். பதற்ற நோய்க்கோ வந்துபோய்ப் பெறும் சிகிச்சைதான் வேண்டும். தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஓர் உளவியலாளர் பணியிடம் என்பதை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.

அதுவரை இருக்கிற வழிகளையாவது பயன்படுத்திக்கொள்ளுங்கள். 14416 என்பது 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இலவச எண். 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் போக நினைப்பவர்கள், அதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகளையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். யாருடைய சிபாரிசும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் 'மனநலப் பிரிவு' என்று சொன்னால் போதும்.